பழைய டேப்புக்கு ஒரு வேலை கொடுங்கள்

காஞ்சிபுரத்தில் நைந்துபோன பட்டுப்புடவைக்கும் விலை உண்டு. "பழைய பட்டு, ஜரிகை வாங்குறது" என்று ஆள் தெருவிலேயே வருவார். துணி போனாலும் அசல் ஜரிகையில் உள்ள வெள்ளியை உருக்கி எடுத்துவிடலாம். தறிக்கு மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டையும் அப்படித்தான். பழைய பார்டர் டிசைனை யாராவது மறுபடி கேட்டால், பரணில் இருந்து அட்டையை இறக்கி, தூசி தட்டி, மாட்டி நெய்வார்கள். இப்படி எதையும் வீணாக்காத ஊரில் பீரோவுக்குள் சும்மா கிடக்கிற பொருள் ஒன்று உண்டென்றால், அது பழைய டேப்லெட்தான்.

2020ல் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிக்கூட டேப் வாங்கினோம். பள்ளி திறந்ததும் அது மூலைக்குப் போனது. எங்கள் வீட்டு டேப் அதற்கும் மூத்தது. 2016ல் வாங்கியது, ஆண்ட்ராய்டு 6. இன்றைக்கு அதுதான் எங்கள் 2 ஏக்கர் நிலத்தின் பதிவேடு, நூலகம், அலாரம் எல்லாமே. மூன்று வருசமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் "ஸ்லோ" ஆகிறது?

பெரும்பாலும் கருவி கெடுவதில்லை. அதன் மேல் ஏற்றும் பாரம்தான் வருசா வருசம் கூடுகிறது. புதிய செயலிகள் அதிக நினைவகம் கேட்கின்றன. ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே இருந்தால் வாட்ஸ்அப் வேலை செய்யாது. 7.1க்கு முந்தையது என்றால் பல இணையதளங்களைத் திறக்கும்போதே பாதுகாப்பு எச்சரிக்கை வரும். ஆக, பழைய டேப் தோற்றுப்போவது இணையத்தில்தான். எழுத, படிக்க, படம் எடுக்க, குரல் பதிய அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

கறவை வற்றிய மாட்டை இயற்கை உழவர் யாரும் வீண் என்று சொல்வதில்லை. சாணமும் கோமியமும் போதும் என்று வைத்துக்கொள்கிறோம். அதே கணக்குதான் இதற்கும். பத்து வேலை வாங்காதீர்கள். தெரிந்தெடுத்த ஒன்றிரண்டு வேலை மட்டும் கொடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

1. டேப்பைச் சமதளத்தில் வையுங்கள். ஆடினாலோ, திரை மேலே தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரி மாற்றுங்கள்.

2. வேண்டிய படங்களை வேறு இடத்தில் சேமித்த பிறகு, "ஃபேக்டரி ரீசெட்" செய்யுங்கள். அதற்கு முன் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள். நீக்காமல் ரீசெட் செய்தால், பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டு டேப் பூட்டிக்கொள்ளும்.

3. சிம் கார்டைக் கழற்றுங்கள். வங்கிச் செயலி, ஜிபே எதுவும் வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கருவியில் பணப் பரிவர்த்தனை செய்யக் கூடாது.

4. ஏரோபிளேன் மோடில் போட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். சார்ஜ் நிற்கும் நேரம் நன்றாகவே கூடும்.

5. சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் பேட்டரி ஆயுள் நீளும். அதற்குச் சூடுதான் எதிரி. தகரம் போட்ட மோட்டார் கொட்டகையில் வைக்காதீர்கள்.

பண்ணைப் பதிவேடு

பி.ஜி.எஸ். குழுவாக இருந்தாலும், அங்ககச் சான்றளிப்புத் துறையாக இருந்தாலும், சான்று வேண்டுமென்றால் பதிவேடு கேட்பார்கள். விதை எங்கே வாங்கினீர்கள், என்றைக்கு விதைத்தீர்கள், என்ன இடுபொருள், எவ்வளவு, பக்கத்து வயலில் இருந்து மருந்து காற்றில் வராமல் என்ன தடுப்பு? நம்மில் பலர் இதையெல்லாம் மனசில்தான் வைத்திருக்கிறோம். நோட்டு போட்டால் மழையில் நனைகிறது, இல்லாவிட்டால் எலி கடிக்கிறது.

நான் வாரம் ஒருமுறை அதே வரப்பு மூலையில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுக்கிறேன். விதைப்பு முதல் அறுவடை வரை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால், எந்த வாரம் பயிர் வெளுத்தது, எப்போது களை மீறியது என்று பளிச்சென்று தெரிகிறது. எங்கள் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் உண்டு. பட்டத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டால் போதும்.

தெளித்த அன்றே ஒரு வரி எழுதுகிறேன்: "பஞ்சகவ்யம், 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, சாயந்திரம்." எழுத முடியாவிட்டால் குரலில் பேசிப் பதியலாம். பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்க அலாரம் வைத்திருக்கிறேன். ஜீவாமிர்தம் 48 மணி நேரத்தில் தயாராகும், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதையும் டேப் நினைவூட்டுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்ஜ் முழுதாக இறங்கி, மறுபடி ஆன் செய்தால் சில டேப்களில் தேதி மாறிவிடும். படத்திலும் தப்பான தேதி ஏறும். ஆன் செய்ததும் முதலில் தேதியைப் பாருங்கள்.

வயல்வெளி நூலகம்

மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. ஃப்ரீதமிழ்இபுக்ஸ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவையும் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர்க் குறிப்புகள் தமிழிலேயே கிடைக்கும். அவற்றில் ரசாயனப் பரிந்துரையும் கலந்திருக்கும், நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். புது போனில் இறக்கி, ப்ளூடூத்தில் அல்லது மெமரி கார்டில் டேப்புக்கு மாற்றுங்கள். பெரிய திரை என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி அம்மாவும் படிக்கிறார். வீடியோ பார்க்க வி.எல்.சி. செயலி பழைய கருவிகளிலும் ஓடும். ப்ளே ஸ்டோர் தராவிட்டால் எஃப்-ட்ராய்டில் பழைய பதிப்புகளைத் தேடலாம்.

பெரியவர்களின் குரல்

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, நாலு சாயங்காலம் பேசவிட்டுப் பதிந்தேன். கிச்சிலிச் சம்பாவுக்கும் பூங்காருக்கும் நாற்று வயசு என்ன, எந்த வருசம் ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடியது, கடைமடைக்குத் தண்ணீர் முறை வைத்தது எப்படி என்று எல்லாம் சொன்னார். "உரத்தை ஏத்தி விட்டா நெட்டை நெல்லு படுத்துக்கும்யா, அளவா போடு" என்பது அவர் குரலிலேயே இருக்கிறது. போன வருசம் அவர் தவறிவிட்டார். அவர் பிள்ளைகள் கேட்டு வந்து வாங்கிப் போனது அந்தப் பதிவைத்தான். ஒரு 32 ஜிபி கார்டில் சில நூறு மணி நேரப் பேச்சு அடங்கும். உங்கள் ஊரில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

விதைநெல்லை ஒரே குதிரில் வைப்போமா? பதிவுகளும் அப்படித்தான். மாதம் ஒருமுறை இன்னொரு கார்டிலோ மகன் போனிலோ நகல் எடுத்துவிடுங்கள். பழைய கருவி, சொல்லாமல் நின்றுவிடும்.

கடைசியில் எங்கே போக வேண்டும்?

நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006ல் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியது. ஆலை எட்டு வருசத்தில் போய்விட்டது. அங்கே செய்து விற்ற கருவிகளின் உலோகம் எங்காவது கிடக்கத்தான் செய்யும். பழைய மின்கருவிகளில் ஈயம், காட்மியம் போன்றவை இருக்கலாம். காட்மியம் மண்ணில் கலந்தால் நெல் அதை உறிஞ்சும். வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்தால் டையாக்ஸின் புகை வரும். உரக்குழிக்குப் பக்கத்தில் இதைப் போட்டுவிட்டு இயற்கை விவசாயம் என்று சொல்ல முடியாது.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களே பொறுப்பு. உண்மையிலேயே செத்துப்போன டேப்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். ஒருவர் தனியாக அலைவதைவிட, குழுவாகச் சேர்த்துக் கொடுப்பது சுலபம்.

அடுத்த உழவர் கூட்டத்துக்கு வரும்போது, பீரோவில் கிடக்கும் டேப்பையும் சார்ஜரையும் கையோடு எடுத்து வாருங்கள். ஓடுவதைச் சுத்தம் செய்து, குழுவுக்கு ஒன்று என்று பதிவேடு தொடங்கலாம். முதல் பதிவாக, இந்தப் பட்டத்தில் விதைத்த தேதியை ஏற்றுங்கள்.