அறுந்தா முள்ளுக்கிட்ட அறுபடணும்: கம்மி விலையில் ஃப்ளை ரீல் பேக்கிங்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஃப்ளை ஃபிஷிங் பத்திப் பேசினா கடைசியில எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "ராடு, ரீல், லைன்னு வாங்கியே பர்ஸ் காலி. இதுல பேக்கிங்குக்கு வேற காசு போடணுமா? வீட்ல கிடக்கிற நூலைச் சுத்திக்கலாமா?" நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் சுத்தினேன். அது எங்க போய் முடிஞ்சுதுன்னு முதல்ல சொல்லிடறேன்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பேக்கிங்னா பார்சல் கட்டுற பேக்கிங் இல்ல. சாதாரண தூண்டில்ல இரையோட எடைதான் நூலை இழுத்துட்டுப் போகும். ஃப்ளைங்கிறது இறகும் நூலும் கட்டின முள்ளு, அதுக்கு எடையே கிடையாது. அதனால எடையை லைனுக்கே கொடுத்திருக்காங்க. தடிமனா, மேல பூச்சு போட்டு, 27லேர்ந்து 30 மீட்டர் வரைக்கும் இருக்கும். விலை ஆயிரக்கணக்குல போறது அதுதான். அதுக்குப் பின்னாடி ரீலோட அடியில சுத்தியிருக்கிற மெல்லிய நூல்தான் பேக்கிங்.

அதுக்கு ரெண்டு வேலை. பெரிய மீன் 30 மீட்டரைத் தாண்டி ஓடினா கை கொடுக்கிறது ஒண்ணு. ரீலை நிரப்புறது இன்னொண்ணு. காலி ஸ்பூல்ல சுத்து விட்டம் 4 சென்டிமீட்டர்னா ஒரு சுத்துக்கு பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான் ஏறும். நிரம்பி 8 சென்டிமீட்டர் ஆனா 25 ஏறும். லைனும் சுருள் சுருளா நிக்காது.

என் கதை

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. ஞாயித்துக்கிழமை ஷிப்ட் இல்லைன்னா பொன்னேரி வந்து பழவேற்காடு பஸ் பிடிச்சிருவேன். வீட்ல பழைய தங்கூஸ் ஒரு உருண்டை கிடந்துச்சு, அதான் நைலான் நரம்பு. "அடியில கிடக்கிறதை யாரு பார்க்கப் போறா"ன்னு சுத்திட்டேன்.

முகத்துவாரம் பக்கம் ஒரு நாள் காலையில நல்ல மீன் ஒண்ணு அடிச்சது. கொடுவாவா இருக்கணும்னு நினைக்கிறேன், முகத்தைக் காட்டவே இல்ல. லைன் முழுசும் போச்சு, தங்கூஸ் ஓட ஆரம்பிச்சது. பத்து மீட்டர்கூட இருக்காது, அடிச் சுத்து ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு புதைஞ்சு ரீல் டக்குனு நின்னுருச்சு. தங்கூஸும் லைனும் சேர்ற முடிச்சுல அறுந்துச்சு. லைன், லீடர், முள்ளு, மீன் எல்லாம் போச்சு.

காசு போனதுகூடப் பரவாயில்ல. ரெண்டு வாரம் கழிச்சு அதே கரையில ஒரு மீனவ அண்ணன் கூப்பிட்டாரு. "தம்பி, இந்த மஞ்சக் கயிறு உன்னோடதா? வலையில சுத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு முழம் வலையை அறுத்துதான் எடுத்தேன்." பழவேற்காட்டுல பாடு முறைன்னு ஒண்ணு இருக்கு. யாரு, எந்த நாள், எந்த இடத்துல வலை போடணும்னு அவங்களே முறை வெச்சிருப்பாங்க. அவருக்கு முறை வந்த நாள்ல என் நூல் போய் மாட்டியிருக்கு. "மன்னிச்சிருங்கண்ணே"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? பூநாரை வர்ற ஏரி அது. வலைக்குப் பதிலா ஒரு பறவையோட கால்ல சுத்தியிருந்தா நமக்குத் தெரியவே வந்திருக்காது.

அப்போ எந்த நூல்?

பதில் எங்க ஷாப் ஃப்ளோர்லயே தொங்கிட்டு இருந்துச்சு. கிரேன்ல லோடு தூக்குற பட்டை ஸ்லிங் பார்த்திருப்பீங்க. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ரொம்ப இழுபடாது, ஈரத்தைக் குடிக்காது. பேக்கிங்குக்குப் பேர் போன டாக்ரானும் அதே பாலியஸ்டர்தான். இங்கிலாந்துல 1941ல கண்டுபிடிச்சப்போ அதுக்கு டெரிலின்னு பேரு. அப்பா போட்ட டெரிகாட்டன் சட்டையில கலந்திருந்ததும் இதேதான். டாக்ரான்ங்கிறது அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனி வெச்ச பேரு. அதனால பேருக்குக் காசு கொடுக்க வேண்டாம். "பின்னின பாலியஸ்டர்"னு எழுதி, எத்தனை பவுண்டு தாங்கும்னு போட்டிருந்தா எந்தக் கம்பெனியும் ஓகே.

மத்த நூல்களைப் பார்ப்போம்.

தங்கூஸ்: வேண்டாம். நைலான் நரம்பு அறுபடுறதுக்குள்ள 20 சதவீதத்துக்கும் மேல இழுபடும். இழுபட்ட நிலையில ரீல்ல ஏறிட்டா, சுருங்கும்போது ஸ்பூலையே நெரிக்கும். விலை குறைஞ்ச பிளாஸ்டிக் ஸ்பூல் விரிசல் விடும்.

கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற நைலான் நூல்: அது பெரும்பாலும் முறுக்கினது, பின்னினது இல்ல. லூஸ் விட்டா முறுக்கிக்கும், தண்ணியும் குடிக்கும்.

மாஞ்சா: அந்தப் பேச்சே வேண்டாம். கழுத்தையும் பறவையையும் அறுக்கிற நூல் அது. செயற்கை மாஞ்சாவை 2017ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை பண்ணிடுச்சு.

பிரெய்டு: உண்மையான மிச்சம் இங்கதான் இருக்கு. ஸ்பின்னிங் ரீல்ல ஒரு வருஷம் ஓடின பிரெய்டுல வெளிப்பக்கம்தான் தேஞ்சிருக்கும். உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட புதுசு. தேஞ்சதை வெட்டிட்டு, புதுப்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிச் சுத்துங்க. ஆனா ரொம்ப மெல்லிசா இருந்தா தன் சுத்துக்குள்ளயே புதைஞ்சுக்கும், விரலையும் அறுக்கும். 50 பவுண்டு தடிமனுக்குக் கீழ போகாதீங்க. ஈரத்துணியால பிடிச்சு இறுக்கமா சுத்துங்க. பிரெய்டு வழுக்கும், அதனால ஸ்பூல் நடுவுல முதல்ல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கோங்க.

எவ்வளவு வேணும்?

ஏரி, குளத்துல ஜிலேபி, கெண்டைன்னா பேக்கிங் வெளிய வர்றதே அபூர்வம். 20 பவுண்டுல 50 மீட்டர் போதும். நீலகிரி டிரவுட்டுக்கும் அதேதான். 1907ல அவலாஞ்சியில பொரிப்பகம் வெச்சு வளர்த்துவிட்ட மீன் அது. சின்ன ஓடையில அது எவ்வளவு தூரம்தான் ஓடிடும்? முகத்துவாரத்துல கொடுவா, பாறைன்னு போனா 30 பவுண்டுல 100லேர்ந்து 150 மீட்டர்.

அளவு சரியா வர ஒரு வழி: முதல்ல ஃப்ளை லைனைச் சுத்துங்க. அதுக்கு மேல பேக்கிங்கைச் சுத்தி, விளிம்புக்கு 4, 5 மில்லிமீட்டர் இருக்கும்போது வெட்டுங்க. அப்புறம் எல்லாத்தையும் அவிழ்த்து, பேக்கிங் அடியில வர்ற மாதிரி திரும்பச் சுத்துங்க. மொட்டை மாடியில நண்பன் ஒருத்தன் இருந்தா அரை மணி நேர வேலை.

கடைசியா, முக்கியமானது

மீனும் நீங்களும் இழுக்கும்போது எங்கயாவது ஒரு இடத்துல அறுபடத்தான் செய்யும். அது எந்த இடம்னு முடிவு பண்றது உங்க கையில இருக்கு. முள்ளுக்கிட்ட இருக்கிற டிப்பெட் 5 கிலோன்னா, ஃப்ளை லைனும் பேக்கிங்கும் நடுவுல உள்ள ஒவ்வொரு முடிச்சும் 9 கிலோவாவது தாங்கணும். அப்போ அறுந்தா ஒரு முள்ளும் முழ நூலும்தான் போகும்.

லேபிள் கிழிஞ்ச ஸ்லிங்ல நாங்க லோடு தூக்க மாட்டோம். நூலுக்கும் அதே சட்டம். லக்கேஜ் எடை பார்க்கிற கைத்தராசு ஒண்ணு எடுத்துக்கோங்க. முடிச்சுப் போட்டு, நனைச்சு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையில துணி சுத்தி இழுங்க. 9 கிலோவுக்கு முன்னாடியே வழுக்கினா முடிச்சை மாத்துங்க. அறுந்தா நூலை மாத்துங்க.

இப்போ என் ரீல்ல இருக்கிறது பழைய பிரெய்டு. புதுசா செலவு பண்ணது டேப்புக்கு மட்டும்தான். பழவேற்காடு போனா சரணாலயப் பக்கம் தள்ளியே நிப்பேன். தூண்டில் போடுறதுக்கு முன்னாடி, "அண்ணே, இன்னிக்கு வலை எந்தப் பக்கம்?"னு கேட்டுப்பேன். நீங்களும் கேளுங்க. அதுக்குக் காசே வேண்டாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்!