‘மர்மப் பொருள்’ என்று எழுதுவதற்கு முன்

டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சத்தம் இந்நேரம் பழகியிருக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பயப்படுகிறோம். பட்டப்பகலில் திடீரென்று ஒரு வெடி. ஜன்னல் அதிர்கிறது, அடுக்களையில் தட்டு நழுவி விழுகிறது, தெருவே வாசலுக்கு வந்துவிடுகிறது. கால் மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் நிலநடுக்கம், எரிவாயுக் கிணறு, விண்கல் என்று மூன்று விளக்கங்கள் சுற்றுக்கு வரும். சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்ட படத்தோடு நாலாவது விளக்கம் யூடியூபில் ஏறும்: பறக்கும் தட்டு. அதற்குப் பிறகு, சாவகாசமாக, மாவட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு வரி வரும்: விமானப்படையின் பயிற்சி, அச்சப்பட வேண்டாம். அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் ஒன்றும் ரகசியமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். 2013இல் முறையான விமானப்படை நிலையமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 ரகப் போர் விமானங்களுடன் 222ஆவது படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. இந்த விமானங்கள் ஒலியைவிட வேகமாகப் பறக்கக்கூடியவை. தரைமட்டத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். அதைத் தாண்டும்போது விமானத்தின் முன்னால் இருக்கும் காற்றுக்கு விலக நேரம் கிடைப்பதில்லை. அது நெருக்குண்டு அதிர்வலையாகி, விமானத்தின் பின்னாலேயே தரையில் இழுபட்டு வருகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு அது கேட்கும். திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் ஒரே நேரத்தில் ‘எங்கள் ஊரில்தான் வெடித்தது’ என்று சொல்வது இதனால்தான். சத்தம் காதில் விழும் நேரத்தில் விமானம் போய்ச் சேர்ந்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். விமானங்களின் போக்கைக் காட்டும் கைப்பேசிச் செயலிகளிலும் போர் விமானங்கள் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. மர்மத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பார்த்தவர்களையும் கேட்டவர்களையும் நான் குறை சொல்லவில்லை. சத்தம் உண்மை, வெளிச்சமும் உண்மை. கோளாறு, அதற்குப் பிறகு செய்தி எழுதும் இடத்தில் நடக்கிறது.

இராத்திரி வெளிச்சங்களை எடுத்துக்கொள்வோம். மேட்டு நிலமோ மலையோ மறைக்காத ஊர் நம்முடையது. நடவு முடிந்த வயலுக்கு அப்பால் தொடுவானம் வரை பார்வை ஓடும். அதனால் அடிவானத்துக்கு நாலு விரற்கடை மேலே நிற்கும் வெள்ளிக் கிரகம்கூட இங்கே தெளிவாகத் தெரியும். மார்கழி, தை மாதப் பனியில் அது சிவப்பும் பச்சையுமாக மினுக்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மரங்கள் பின்னால் போக, அது மட்டும் கூடவே வரும். கைப்பேசியை எடுத்து முழு ஜூம் வைத்துப் பாருங்கள்: குவியம் தப்பி அந்தப் புள்ளி வட்டத் தட்டாக உப்பும், பிறகு சுருங்கும், மறுபடி உப்பும். ‘துடிக்கும் விண்கலம்’ வீடியோக்களில் பாதி இந்தக் குவியக் கோளாறுதான். பொழுது சாய்ந்த பிறகோ விடியலுக்கு முன்போ வரிசையாக ஒளிப்புள்ளிகள் ஊர்ந்தால், அது பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஏவப்படுகின்றன. ஏவிய சில நாட்களுக்குத்தான் அந்த ஊர்வலம் அத்தனை நெருக்கமாகத் தெரியும்.

வயலுக்குள் அலையும் வெளிச்சத்துக்கு நம் பாட்டிமார்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். சேற்றில் மக்கும் பொருளிலிருந்து வரும் மீத்தேன் எரிவதுதான் அது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது எப்படித் தானாகப் பற்றுகிறது என்பதில் வேதியியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவில்லை. பல இரவுகளில் அது எலிக்குக் கிட்டி வைக்கப் போனவரின் டார்ச்சாகவோ, நண்டு பிடிக்கப் போனவரின் தலைவிளக்காகவோ இருந்திருக்கும். நரிமணம், கமலாபுரம் பக்கம் எண்ணெய், எரிவாயு வயல்களில் மீந்த வாயுவைக் கொளுத்தும்போது, தாழ்ந்த மேகத்தில் அந்தச் செம்மஞ்சள் படிந்து பல கிலோமீட்டருக்குத் தெரியும். தெரியாதவர் பார்த்தால் வானமே பற்றியது போலிருக்கும்.

இதெல்லாம் வேடிக்கையாகப் போய்விட்டால் பரவாயில்லை. வேடிக்கையாகப் போகாத ஒன்றும் நம் மாநிலத்தில் நடந்தது.

2016 பிப்ரவரி 6 அன்று அப்போதைய வேலூர் மாவட்டத்தில், நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தனர், கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் ஒரு குழி விழுந்தது. மறுநாளே அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை, விண்கல் விழுந்ததே காரணம் என்றது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான். ‘விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர்’ என்று லண்டன் முதல் நியூயார்க் வரை தலைப்புகள் பறந்தன.

சில நாட்களுக்குள்ளேயே சந்தேகங்கள் எழுந்தன. இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்புக்கே ஒத்துப்போகிறது என்றார்கள். பெங்களூருவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் விண்கல் என்பதை நம்பத் தயங்கினார்கள். இந்த நிறுவனத்தின் காவலூர் வானாய்வகம் அதே வட்டாரத்து ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. சந்தேகத்துக்குக் காரணம் எளிது. அவ்வளவு சேதம் செய்யும் கல் வந்திருந்தால் அதன் தீக்கோடு பல மாவட்டங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னக் கல் என்றால் காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடும். மேலிருந்து போட்ட கல்லைப் போலத் தொப்பென்று விழுமே தவிர, வெடிக்காது. நிஜமான விண்கல் எப்படி விழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் சுமார் 110 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. ஆய்வுக்குப் போய், சர்வதேசப் பட்டியலில் ‘சூளகிரி’ என்ற பெயரிலேயே பதிவும் ஆனது. அதைப் பற்றி இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

வேலூர்ச் செய்தியில் என்னை உறுத்துவது தவறான தகவல்கூட இல்லை. தரையில் ஏதோ வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார் என்றால் பத்துக் கேள்விகள் வரும்: வெடித்தது என்ன, அங்கே எப்படி வந்தது, யார் பொறுப்பு? வானத்திலிருந்து விழுந்தது என்றால் ஒரு கேள்வியும் வராது. டெல்டாவிலும் இதே கதைதான். தலைக்கு மேலே பறப்பதற்கும் காலுக்குக் கீழே ஓடுவதற்கும் இங்கே உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயிலிருந்து எண்ணெய் கசிந்தபோது ஊரே திரண்டு கேள்வி கேட்டது; அது யாருடைய குழாய் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ‘மர்ம ஒளி’, ‘மர்ம சத்தம்’ என்று போட்டுவிட்டால் கேட்பதற்கு ஆளே இல்லாமல் போகிறது.

முறையாக விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு லடாக் உதாரணம். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை சீன எல்லையில் காவலிருந்த நம் வீரர்கள் இரவு வானில் நகரும் ஒளிகளை 329 முறை பதிவு செய்தார்கள். வேவு பார்க்கும் ட்ரோன்கள் என்பது சந்தேகம். இராணுவம் அதை ஊடகத்துக்குக் கொடுக்காமல் வான் இயற்பியல் நிறுவனத்திடம் கொடுத்தது. எந்த நேரம், எந்தத் திசை என்ற குறிப்புகள் கையில் இருந்ததால் விடை கிடைத்தது: ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. காற்று மெலிந்த அந்த உயரத்தில் கிரகங்கள் கூடுதல் பளிச்சென்று தெரியும். பயிற்சி பெற்ற, இரவெல்லாம் விழித்திருக்கும் கண்களே ஏமாந்தன என்றால், ‘பார்த்தவர் பெரிய அதிகாரி’ என்பதை ஆதாரமாக எழுதுவதில் அர்த்தமில்லை.

விடை கிடைக்காதவையும் உண்டுதான். அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் 12,618 புகார்கள் சேர்ந்தன. அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. பறக்கும் தட்டு அன்பர்கள் இந்த 701ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள். தகவல் போதாததால் விளக்க முடியாமல் போவது ஒன்று, வேற்றுக்கிரகவாசி வந்தான் என்பது வேறு. நாசா அமைத்த குழு 2023இல் வெளியிட்ட அறிக்கையும் 2024இல் பென்டகன் வெளியிட்ட அறிக்கையும் அப்படி யாரும் வந்ததற்கு ஆதாரமில்லை என்றே முடித்தன.

இப்படி விசாரித்து எழுத நம் வட்டாரத்து நிருபர்களுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பார்த்தவரிடம் மணி, திசை, எத்தனை நேரம் தெரிந்தது என்று மூன்றைக் கேட்டு வாங்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு போன். வெளிச்சம் என்றால், திருச்சி விமான நிலையம் பக்கம் புதுக்கோட்டை சாலையில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. அன்றைக்கு எந்தக் கிரகம் எந்தத் திசையில் நின்றது என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு தலைப்பு வைக்கலாம்.