அலுவலகக் கம்பியில்லா வலை மடிக்கணினிக்குத் தென்படாமைக்குரிய காரணங்கள்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பித் தொடர் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக் கோளை நம்பியிருந்த கார் நிக்கோபாரும் இதனால் பயன்பெற்றது. இத்தீவின் அலுவலகத்திலோ பள்ளியிலோ மடிக்கணினியின் பட்டியலில் வலையின் பெயர் காணப்படாவிட்டால், கடலடிக் கம்பியில் பழுது என்று எண்ணிக் காத்திருப்பது எளிது. அவ்வெண்ணம் பொருந்தாது.

வலையின் பெயரை அறிவிப்பது அறையிலுள்ள ரூட்டரே. அது வினாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை தன் பெயரையும் இயல்புகளையும் ரேடியோ அலை வழியே ஒலிபரப்புகிறது. கடலடிக் கம்பி அறுந்தாலும் இவ்வறிவிப்பு நிற்பதில்லை. பெயர் தெரியும், செய்தி மட்டும் வராது. ஆதலால் பெயரே தென்படவில்லையெனின், குறை ரூட்டருக்கும் கணினிக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கிறது.

இதைத் தெளிவாக அறிதல் அவசியம். ஏனெனில், கணினி கெட்டுவிட்டதென்று கருதி, சுமார் 270 கிலோமீட்டர் வடக்கேயுள்ள ஸ்ரீ விஜயபுரத்திற்கு (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) அதைக் கப்பலில் அனுப்பிவிட்டால் பல நாள் வேலை தடைப்படும். பழுது பார்ப்போர் உள்ளடக்கத்தை முற்றும் அழித்துப் புதிதாக நிறுவினாலோ, மாணவர் பதிவேடும் கள ஆய்வுக் குறிப்புகளும் மறைந்துபோகும்.

முதற்சோதனை: அவ்விடத்திலேயே ஒரு கைப்பேசியில் பெயர் தெரிகிறதா என்று பார்க்க. கைப்பேசிக்கும் தெரியாவிடின் ரூட்டரை நோக்குக. மின்சாரம் தடைப்பட்டு மீண்டபின் அது நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகும். இரும்பு அலமாரியின் பின்னாலோ தகரத் தடுப்புக்கு அப்பாலோ அதை வைத்தலும் கூடாது. உலோகம் அலையைத் தடுத்துவிடும். சில அலுவலகங்களில் பாதுகாப்பெனக் கருதிப் பெயரை அறிவிக்காமலே மறைத்து வைப்பர். அங்ஙனமாயின், பெயரை எழுத்துப் பிசகாமல் கணினியில் நாமே இட வேண்டும். இம்மறைப்பால் கிடைக்கும் பாதுகாப்பு மிக அற்பமே.

கைப்பேசிக்குத் தெரிந்து கணினிக்குத் தெரியாவிடின் இரண்டாம் சோதனை செய்க. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயக்கி, கணினி அதைக் காண்கிறதா என்று நோக்குக. கண்டால், கணினியின் ரேடியோ உயிருடன் இருக்கிறது; ரூட்டரின் அலைவரிசையோ முறையோ அதற்கு ஒவ்வவில்லை என்பது பொருள். இத்தகைய ஒவ்வாமை பலவகைப்படும்.

பழைய மடிக்கணினிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால் அவற்றுக்கு அது இல்லாத பொருளே. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. அதில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 1 முதல் 13 வரை சேனல்கள் உள்ளன. அமெரிக்காவில் வழக்கமாக 1 முதல் 11 வரையே பயன்படுவதால், அந்நாட்டு அமைப்புடைய கணினி 12, 13 ஆகியவற்றைக் கேளாது. ரூட்டரை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிறுத்தினால் இத்தொல்லை தீரும்.

இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும் பரப்பு 2018இல் உரிமத் தேவையினின்று விலக்கப்பட்டது. ஆயினும் அதிலுள்ள 52 முதல் 144 வரையான சேனல்கள் ராடார் கருவிகளுடன் பகிரப்படுபவை. ராடார் இருப்பதாகத் தோன்றினால், பல ரூட்டர்கள் அச்சேனலை விட்டு விலகும். அச்சேனல்களில் புதிதாக இயங்குமுன் ஒரு நிமிடமேனும் மௌனமாகக் கேட்டிருக்கும். பெயர் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தால் இதை நினைவுகூர்க. விமானப்படைத் தளமுள்ள கார் நிக்கோபாரில் 36 முதல் 48 வரையான சேனல்களைத் தெரிவு செய்தல் நன்று.

இன்னொன்று: 'ஏஎக்ஸ்' எனும் புதிய முறையில் அறிவிக்கும் ரூட்டர், இன்டெல் நிறுவனத்தின் பழைய கம்பியில்லா அடாப்டர்கள் சிலவற்றுக்குத் தென்படாது. டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தால் குணமாகும். வலையின்றி அதைப் பெறுவதெப்படி எனின், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் பிணைத்து அதன் இணைப்பைக் கடன் வாங்கலாம்.

எந்த வலையுமே தெரியாத கணினியில், விமான நிலை எனப்படும் 'ஏரோப்ளேன் மோடு' தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க. பின் டிவைஸ் மேனேஜரில் அடாப்டர் முடக்கப்பட்டுள்ளதா என்று காண்க.

ரூட்டருக்கு அருகே சென்றால் மட்டும் பெயர் தெரிகிறதா? ஆண்டெனாக் கம்பி பெரும்பாலும் திரையின் கீல் வழியே மேலேறிச் செல்கிறது. திறந்து மூடுவதால் அது தேய்ந்திருக்கலாம். உப்புக் காற்றால் இணைப்பு முனை அரித்திருக்கவும் கூடும். இதைத் திறந்து பார்ப்பது பயிற்சி பெற்றோர் வேலை. அதுவரை, இரு அலைவரிசைகளையும் அறியும் சிறு யுஎஸ்பி அடாப்டரைச் செருகினால் கணினி தீவை விட்டுச் செல்லாமலே பணி நடைபெறும்.