குளிரைத் தாங்க இலை செய்யும் ஏற்பாடு

கண்டிச் சந்தையில் விற்கும் லீக்ஸும் கரட்டும் பெரும்பாலும் நுவரெலியாப் பக்கமிருந்து இறங்குபவை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. கண்டியை அடுத்த பேராதனைப் பூங்காவின் மரங்கள் காணாத துகள் உறைபனியை நுவரெலியாச் செடிகள் ஜனவரி, பெப்ரவரியில் காண்கின்றன. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானுக்குப் போய்விட, தேயிலைக் கொழுந்தில் பனி வெள்ளையாய்ப் படியும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப்போகும்.

குளிர் முதலில் தாக்குவது கலமென்சவ்வை. கொழுப்பு இறுகிச் சவ்வு கசியத் தொடங்கும். வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுப்பதும் இதனால்தான். உறையவே வேண்டாம், 13 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநேரம் இருந்தாலே போதும். சவ்வு குலைந்து, அதுவரை தனித்தனியே இருந்த பீனோல் பொருட்களும் நொதியமும் கலந்துவிடுகின்றன.

இந்தச் சேதத்தைக் குறைக்கச் செடியிடம் சிறிய மூலக்கூறுகள் உண்டு. புட்ரசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்ற பொலிஅமைன்கள் அவை. முறையே இரண்டு, மூன்று, நான்கு நேர்மின்னேற்றங்கள் கொண்டவை. சவ்வின் மேற்பரப்பும் டிஎன்ஏவும் எதிர்மின்னேற்றம் உள்ளவை என்பதால், பொலிஅமைன்கள் அவற்றில் ஒட்டி அவை குலையாமல் பிடித்துவைக்கின்றன.

பொட்டாசியம் குறைந்த பார்லியில் புட்ரசின் சேர்வதை ரிச்சர்ட்ஸ், கோல்மன் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே கண்டார்கள். இடர் வரும்போது செடி இதைத் தயாரிக்கிறது என்பதற்கு அது முதல் தடயங்களுள் ஒன்று. ஆய்வுகூடங்களின் செல்லச் செடியான அரபிடொப்சிஸில், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து புட்ரசின் உருவாக இரண்டு மரபணுக்கள் உதவுகின்றன. குளிருக்கு ஒன்று பெரிதும் விழித்துக்கொள்ளும். வறட்சிக்கும் உப்புக்கும் மற்றது. இவை பழுதான செடிகள் உறைகுளிரில் எளிதில் சேதமடைவதையும், வெளியிலிருந்து புட்ரசின் கொடுத்தபோது தேறியதையும் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர் வற்றும் வேளையில் இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலத்தின் உற்பத்தியையும் புட்ரசின் தூண்டுகிறது என்பதே அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒட்டிப் பிடிப்பதோடு நில்லாமல், செய்தியும் அனுப்புகிறது.

அப்படியானால் புட்ரசினை மருந்துபோல் தெளித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பொலிஅமைன் சிதையும்போது ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகிறது. அது கொஞ்சமாக இருந்தால் எச்சரிக்கைக் குறி, மிகுந்தால் கலத்தையே கொல்லும். பயிருக்குப் பயிர் தேவையான அளவும் மாறுகிறது. குளிர் தொட்டவுடன் தாமே வேண்டிய அளவு புட்ரசினைச் சேர்த்துக்கொள்ளும் செடிகளைத் தேர்ந்து பெருக்குவதே மலையகத் தோட்டங்களுக்கு ஏற்ற வழி என்று நான் நினைக்கிறேன்.