விடியும்வரை கேட்கும் செவி

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பகுதிச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவையொட்டி நிகழும் தெருக்கூத்து, முன்னிரவு கடந்தபின் தொடங்கிப் பொழுது புலரும்வரை நீள்வது. கட்டியங்காரனின் நகைச்சுவை, திரைக்குப் பின்னிருந்து எழும் வேடதாரியின் பாட்டு, முகவீணையின் கூரிய நாதம், மத்தளத்தின் முழக்கம் ஆகியன ஒருமுறை ஒலித்துக் காற்றில் கரைந்துவிடுகின்றன. அதே கதையை அதே குழுவினர் மறுநாள் ஆடினாலும் அது வேறொரு கூத்தே. ஆதலால், கூத்தை ஆவணப்படுத்த வருவோர் ஒளிப்படக் கருவிகளோடு ஒலிப்பதிவுக் கருவியையும் உடன் கொணர்கின்றனர். களரியின் ஓரத்தில் அக்கருவியின் முன் அமர்ந்திருப்பவரின் செவிகளை ஹெட்ஃபோன் எனப்படும் தலையணிக் கேட்பி மூடியிருக்கும். ஏறக்குறைய எட்டு மணிநேரம் அவர் அதனைக் கழற்றுவதில்லை, கழற்றவும் கூடாது.

கண்முன்னே நிகழும் கூத்தை வெறுஞ்செவியால் கேட்டால் போதாதா என வினவலாம். மனிதச் செவி, வேண்டியதைத் தேர்ந்து கேட்கும் இயல்புடையது. கூத்தில் மனம் ஒன்றியவருக்குப் பின்னால் ஓடும் மின்னாக்கியின் இரைச்சல் சற்று நேரத்தில் கேளாமலே போய்விடும். ஒலிவாங்கிக்கு அத்தகைய மனம் இல்லை. மின்னாக்கியின் இரைச்சல், காற்றின் மோதல், கம்பிவடம் தளர்ந்ததால் எழும் கரகரப்பு அனைத்தையும் அது வேறுபாடின்றிப் பதிந்துகொள்ளும். பிழையை நள்ளிரவிலேயே அறிந்தால் ஒலிவாங்கியை நகர்த்திச் சரிசெய்யலாம். மறுநாள் அறிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கேட்பிகளில் திறந்தவை, மூடியவை என இருவகை உண்டு. திறந்த கேட்பியின் காதுக்கிண்ணத்தில், பின்புறம் துளைகள் இருக்கும். அதன்வழிக் கேட்கும் இசை அகன்ற வெளியில் ஒலிப்பது போன்ற இயல்போடு அமையும். எனினும் புறவொலியும் தடையின்றி உட்புகும். மூடிய கேட்பியின் கிண்ணம் பின்புறம் முற்றிலும் அடைக்கப்பட்டது. களரியின் ஓசையை அது மட்டுப்படுத்துவதால், ஒலிவாங்கி எதனைப் பெறுகிறது என்பதைப் பிரித்தறிய இயலும். கேட்பியின் ஒலி வெளியே கசிந்து அருகிலுள்ள ஒலிவாங்கியில் மீண்டும் பதிவதையும் அது தடுக்கும். வெளிப்புற ஒலிப்பதிவாளர் பெரும்பாலும் மூடிய கேட்பியையே நாடுவதற்குக் காரணம் இதுவே.

ஆயின், மூடிய கேட்பியும் எல்லா ஒலிகளையும் ஒருபோலத் தடுப்பதில்லை. உயர் அதிர்வெண் ஒலிகளை அது நன்கு தடுக்கும். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளோ கிண்ணத்தையே மெல்ல அதிரச்செய்தும் மெத்தையின் இடுக்குகள் வழியாகவும் உட்புகும். முகவீணையின் ஒலி மட்டுப்பட்டபோதும் மத்தளத்தின் இடப்புற ஓசை செவியை எட்டுவது இதனாலேயே. பத்தடி தொலைவில் முழங்கும் மத்தளத்தை நேரடியாகக் கேட்டுவிட்டு, அது செம்மையாகப் பதிவாகிறது என ஒலிப்பதிவாளர் மயங்க இடமுண்டு. மின்னாக்கியின் இரைச்சலிலும் இதே மயக்கம் நேரும். இதனைத் தெளிய எளிய வழி ஒன்று உள்ளது. கேட்பியின் ஒலியளவை ஒரு நொடி முற்றிலும் தணித்துப் பார்த்தல் வேண்டும். இரைச்சல் சற்றும் குறையாது நீடிக்குமாயின் அது கிண்ணத்தைக் கடந்து வருவது. உடன் மறையுமாயின் பதிவில் கலந்திருப்பது.

இனி, எட்டு மணிநேரம் அணிதல் என்னும் இடர்ப்பாட்டுக்கு வருவோம். புறவொலியைத் தடுப்பது கிண்ணத்தைச் சுற்றியுள்ள மெத்தை செவியைச் சூழ்ந்து இடைவெளியின்றிப் படிவதாகும். அவ்வாறு படிவதற்குத் தலைப்பட்டை இருபுறமும் அழுத்த வேண்டும். அழுத்தம் மிகுந்தால் தாடையும் பொட்டும் வலிக்கும். குறைந்தால் அடைப்பு நெகிழும். காற்றுப் புகாத அடைப்பினுள் வெப்பமும் வியர்வையும் சேரும். பாதுகாப்பைத் தரும் அடைப்பே துன்பத்தையும் தருகிறது என்பதுதான் இக்கருவியின் முரண். இம்முரணை எவ்வளவு இணக்கமாகத் தீர்த்திருக்கிறது என்பதைக் கொண்டே ஒரு கேட்பியை மதிப்பிட வேண்டும். உறைமேல் அச்சிட்டிருக்கும் புகழ்மொழிகளைக் கொண்டன்று.

இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்டுவின், தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய கேட்பியை 1910ஆம் ஆண்டு அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்திச் செய்திகளை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த பணியாளர்களுக்கு அது பயன்பட்டது. ஒலியின் தெளிவு மட்டுமன்றித் தலையில் பொருந்தும் பாங்கும் அன்றே கருதப்பட்டது. தோல் போர்த்திய இரு கம்பிகளைத் தலைக்கேற்பச் சரிசெய்துகொள்ளுமாறு அதன் பட்டை அமைந்திருந்தது.

எடை குறைந்த கேட்பியே வசதியானது எனக் கருதுவது பொதுவான பிழை. களப்பணியில் பெயர்பெற்ற சென்ஹைசர் எச்டி 25 வகை, கம்பிவடம் நீங்கலாக 140 கிராம் எடையே உடையது. ஆனால் அதன் மெத்தை காதுமடலின் மேலேயே அமர்ந்து இறுகப் பற்றும். பெயர்டைனமிக் டிடி 770 புரோ வகை ஏறத்தாழ 270 கிராம் எடையுடையது. அகன்ற மெத்தை காதுமடலைத் தொடாமல் சுற்றி அமர்வதால் பலருக்கு அதுவே இதமாகத் தோன்றும். எடை எவ்வளவு என்பதினும் அது தலையில் எங்கே இறங்குகிறது என்பதே முதன்மையானது. உச்சந்தலையின் ஒரே புள்ளியில் இறங்கும் சிறு எடை, இரண்டு மணிநேரத்தில் பெருஞ்சுமையாகிவிடும்.

கண்ணாடி அணிவோருக்குத் தனித்தொல்லை உண்டு. கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு பிளவை உண்டாக்க, அதன்வழித் தாழ்ந்த ஒலிகள் கசிந்து குறையும். பதிவில் மத்தளம் மெலிந்துவிட்டது எனக் கருதி ஒலிவாங்கியை வீணே நகர்த்தும் நிலை ஏற்படலாம். மெல்லிய காம்பும் ஆழமான மென்மெத்தையும் இக்குறையைத் தணிக்கும்.

மெத்தையின் உறையிலும் கருத்தூன்ற வேண்டும். செயற்கைத்தோல் நன்கு அடைக்கும். ஆயினும் வியர்வையைத் தேக்கும், நம் நாட்டு ஈரப்பதத்தில் நாளடைவில் உரிந்து உதிரும். வெல்வெட் போன்ற துணி காற்றோட்டம் உடையது. அடைப்பில் சற்றுப் பின்தங்கும். சித்திரை மாத இரவில் துணியையும், இரைச்சல் மிகுந்த களத்தில் செயற்கைத்தோலையும் தேர்வது அறிவுடைமை. எவ்வகையாயினும் மெத்தையைத் தனியே கழற்றி மாற்றும் வசதி இருத்தல் வேண்டும்.

கம்பிவடம் ஆடையில் உரசினால் அந்த உரசல் கிண்ணம்வரை ஏறிச் செவியில் ஒலிக்கும்; பதிவில் இல்லாத இரைச்சலை அது இருப்பதாகக் காட்டும். ஆகவே வடத்தைச் சட்டையில் ஓரிடத்தில் பற்றவைப்பது வழக்கம். காதுகள் அடைபட்டிருப்பதால் ஒருவர் தாமே எழுப்பும் ஓசைகளும் பெருகிக் கேட்கும். வெற்றிலை மெல்லும் பழக்கமுடையவர் பணிநேரத்தில் அதனைத் துறக்கத்தான் வேண்டும். புளூடூத் இணைப்புடைய கேட்பிகளில் ஒலி சற்றுத் தாமதித்தே வந்துசேர்வதாலும், இரைச்சல் நீக்கும் மின்னணுக் கேட்பிகள் எதிரொலியலையை உண்டாக்கிக் கேட்பதையே ஓரளவு மாற்றிவிடுவதாலும் இப்பணிக்கு அவை ஏற்றவையல்ல.

வசதியின்மை உடல்நோவோடு நின்றுவிடுவதில்லை. வலி பொறாதவர் ஒரு கிண்ணத்தைக் காதின் பின்னே தள்ளிவிடுவார். அடைப்பு நீங்கியதும் களரியின் ஓசை உட்புகும். அதனை வெல்ல ஒலியளவைக் கூட்டுவார். உரத்த ஒலியால் களைத்த செவி தற்காலிகமாக மந்தமடையும். மந்தமான செவிக்கு மேலும் ஒலி தேவைப்படும். இரவு முதிர முதிர, ஒலியளவு தாம் அறியாமலே ஏறிக்கொண்டிருக்கும். பணியிடத்தில் நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியை 8 மணிநேரம் கேட்பதே உச்சவரம்பு என அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு 4 மணிநேரம். 91 டெசிபலுக்கு 2 மணிநேரம். 94 டெசிபலுக்கு 1 மணிநேரம். விடியும்வரை நீளும் கூத்துக்கு எவ்வளவு ஒலியளவு தகும் என்பதை இக்கணக்கே உணர்த்தும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செவியை இழந்த ஒலிப்பதிவாளருக்கு அத்தொழிலும் இல்லை.

எனவே, கடையில் இரண்டு நிமிடம் அணிந்து பார்த்துக் கேட்பியை வாங்குதல் தகாது. இயலுமாயின் கண்ணாடியோடும், களத்தில் பயன்படுத்தும் கருவியோடும் இணைத்து, அரைமணிநேரமேனும் அணிந்திருத்தல் வேண்டும். மின்தடை 250 ஓம் போன்று மிகுதியாக உள்ள கேட்பிகள், மின்கலத்தால் இயங்கும் சிறு கருவிகளில் போதிய உரப்புடன் ஒலிக்காமற் போகலாம். 32 முதல் 80 ஓம் வரையிலானவை பெரும்பாலும் பொருந்தும். தலையை அசைத்தும் குனிந்து நிமிர்ந்தும் பார்க்கையில் மெத்தை நழுவக்கூடாது. கழற்றியபின் காதுமடலில் சிவந்த தடம் நெடுநேரம் நிற்குமாயின் அக்கேட்பி அத்தலைக்குரியதன்று. நண்பருக்கு மிக இதமாக அமைந்தது மற்றொருவருக்கு அமையாமற் போவது இயல்பே.

களத்தில் இருவர் சென்றால் முறைமாற்றிக் கேட்கலாம். ஒருவரே சென்றிருப்பின், கட்டியங்காரன் களரியில் தனித்து நின்று பேசும் அமைதியான பகுதிகளில் ஒலியளவைத் தணித்துச் செவிக்குச் சற்றே ஓய்வளிக்கலாம். விடிந்து கூத்தர் அரிதாரம் கலைக்கும் வேளையில், ஒலிப்பதிவாளரும் ஈரமேறிய மெத்தைகளை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவைப்பார். வியர்வையோடு பையில் அடைத்தால் அடுத்த ஊரின் கூத்துக்குள் அம்மெத்தை உரியத் தொடங்கிவிடும்.