வெட்டுவதா, பொறுப்பதா?

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் வவுணதீவுப் பக்கத்து விவசாயிக்கு முதலில் ஞாபகம் வருவது முகத்துவாரம்தான். ‘வெட்டிட்டாங்களா?’ என்றுதான் கேட்பார். அதே நேரம் வாவிக்கரையில் வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவரும் அதே கேள்வியைத்தான் கேட்பார், பயத்தோடு.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்குப் போக அதற்கு இரண்டு வழிகள்தான்: பாலமீன்மடுவில் முகத்துவாரம், தெற்கே பெரியகல்லாறு. மழையில்லாக் காலத்தில் அலை மணலைக் குவித்து ஆற்றுவாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் குளங்களும் ஆறுகளும் வாவிக்குள் வந்து விழும். மண்திட்டை வெட்டினால்தான் தண்ணீர் வடியும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் பிரச்சினை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்வட்டைகளில் பெரும்போகப் பயிர் அப்போதுதான் தலைதூக்கியிருக்கும். நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். ஆகவே ‘இன்றைக்கே வெட்டுங்கள்’ என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. அவசரப்பட்டு வெட்டினால் வளர்ந்துவரும் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்பது மீனவர் சங்கங்களின் கவலை. அதற்காக ஆற்றுவாய் மூடியே கிடக்கவும் முடியாது; கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவதும் அந்த வழியாகத்தான். ஆக, திறக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. சண்டையெல்லாம் நாளைப் பற்றியது.

வெட்டும் இடத்தில் நின்று பார்த்தால் இதன் கனம் விளங்கும். பெக்கோ இயந்திரம் மணலில் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றைத்தான் கீறும். முதலில் முழங்கால் அளவுத் தண்ணீர் மெல்ல ஓடும். பிறகு இருபக்கக் கரையும் பாளம் பாளமாக இடிந்து விழ, வாய்க்கால் ஆறாகிவிடும். அதற்குமேல் இயந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியில் எடுத்த தீர்மானத்தை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. மறுபடி மூடுவது கடலின் விருப்பம்.

அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்காகப் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் தீர்மானங்களை இரண்டு வகைக் கதவுகளாகப் பிரித்தார். திரும்பி வரக்கூடிய கதவென்றால் சட்டென்று நுழையலாம். திரும்ப முடியாத கதவென்றால் ஆறுதலாக யோசிக்க வேண்டும். ஆனால் நம் ஆற்றுவாய் மூன்றாவது வகை. திரும்பவும் முடியாது, ஆறுதலாக யோசிக்க வெள்ளமும் விடாது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் யோசிக்கும் வேலையை வெள்ளத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும். நெருக்கடி நாளில் கூடும் கூட்டத்தில் இரண்டு வழிகளின் நன்மை தீமைகளை யாரும் எடைபோடுவதில்லை. உரத்துப் பேசியவர் வெல்வார், மற்றவர் மனம் கசந்து வெளியேறுவார். முன்கூட்டியே இருந்து பேசினால் கேள்விகளே வேறாகிவிடும். தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் வெட்டுவது? பிந்தினால் யாருக்கு நட்டம், முந்தினால் யாருக்கு? அந்த நட்டத்தில் மற்றவர் எவ்வளவு தாங்குவார்?

ஆவணியில் வாவி அசையாமல் கிடக்கும். விவசாயிகள் சார்பில் வட்டவிதானையும், மீனவர் சங்கத் தலைவரும் அரசாங்க அதிபரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் ஒரே மேசையில் இருந்து, கல்லடிப் பாலத் தூணில் ஒரு கோடு கீறிக்கொள்ள அதுதான் காலம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும் நாளில் கூட்டம் கூட்டத் தேவையிருக்காது. பெக்கோவுக்கு ஆளனுப்பினால் போதும்.