வலையைக் கழற்றினால் வலிமை கூடுமா?

பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் உறுமும், புகை வரும், வண்டியோ நடந்து செல்பவரின் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். 'இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நன்றாயிருக்குமே' என்று ஓட்டுநர் எண்ணுவது இயல்பு. இந்த ஆசையை நிறைவேற்றப் பட்டறைகளில் செலவில்லாத வழி ஒன்று சொல்லப்படுவதுண்டு. எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயின் வாயில் ஒரு கம்பிவலை இருக்கும். 'அந்த வலை காற்றைத் தடுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிடு. காற்று தாராளமாகப் போகும். வண்டி நன்றாக இழுக்கும்' என்பார்கள்.

கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. வலை காற்றைத் தடுக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் இயற்பியல் இத்துடன் நிற்பதில்லை. 'எவ்வளவு தடுக்கிறது?' என்று அடுத்த கேள்வியைக் கேட்கிறது. இந்தக் கேள்விக்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நீங்கள் பள்ளியில் போடும் கணக்கே போதும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் குடிக்கும் காற்று

6 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எல்லாச் சிலிண்டர்களும் காற்றை உள்ளிழுத்து முடிக்கும். நிமிடத்திற்கு 2,400 சுற்று ஓடினால் 1,200 முறை 6 லிட்டர், அதாவது 7,200 லிட்டர் காற்று உள்ளே செல்லும். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். அப்படியானால் இந்த ஒரு எஞ்சின் ஏறத்தாழ ஆயிரம் பேருக்குரிய காற்றை இழுக்கிறது! வியப்பாக இருக்கிறதல்லவா?

நிமிடத்திற்கு 7,200 லிட்டர் என்பது நொடிக்கு 120 லிட்டர். குழாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ. 1,20,000 கன செ.மீ.யை 78.5ஆல் வகுத்தால் காற்றின் வேகம் கிடைக்கும். அது நொடிக்குச் சுமார் 15 மீட்டர்.

ஓடும் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட, அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோகிராம் என்று கொண்டால் விடை சுமார் 130 பாஸ்கல் ஆகும். நூற்றில் 64 பங்கு துளையாக உள்ள தூய கம்பிவலை, இதில் ஏறத்தாழ முக்கால் பங்கை வீணாக்கும். ஆகவே வலையால் நேரும் இழப்பு சுமார் 100 பாஸ்கல்.

100 பாஸ்கல் என்பது எவ்வளவு?

எண் பெரிதாகத் தோன்றலாம். நீர்மட்டத்தில் சொன்னால் இது வெறும் 1 செ.மீ. தான். குழலை நீரில் வைத்து, நீர் 1 செ.மீ. உயரும்படி மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். அவ்வளவுதான் வலை எஞ்சினுக்குத் தரும் சிரமம். இளநீர் குடிக்கும்போது நீங்கள் இதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு பாடுபடுகிறீர்கள்.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். அதில் 100 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. எஞ்சினின் திறன் 110 குதிரைத்திறன் என்றால், வலையைக் கழற்றுவதால் மிகுதியாகக் கிடைக்கக்கூடியது 0.11 குதிரைத்திறன்.

இன்னொரு வகையாகவும் இதைக் காணலாம். கடல்மட்டத்தின் அருகே ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் காற்றழுத்தம் 11 பாஸ்கலுக்குச் சற்று மேலாகக் குறைகிறது. எனவே வலையைக் கழற்றிப் பெறும் நன்மை, அதே லாரியை வலையுடனே 9 மீட்டர் தாழ்வான இடத்திற்குக் கொண்டுவந்தால் தானாகவே கிடைத்துவிடும். இது மூன்று மாடி வீட்டின் உயரம். மாறாக, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மலையில் லாரி திணறுவதற்கு அதுவல்லவா பெரிய காரணம்!

அந்த 0.11 குதிரைத்திறன்கூடக் கிடைப்பது ஐயமே. டீசல் எஞ்சினில் ஓட்டுநர் கால்மிதியை அழுத்தும்போது கூடுவது எரிபொருள். எரிவதற்குத் தேவையானதைவிட மிகுதியான காற்று சிலிண்டரில் முன்பே இருக்கும். ஒரு கிலோ டீசல் முழுவதும் எரியச் சுமார் 14.5 கிலோ காற்று போதும். இத்தகைய எஞ்சின்கள் முழுப் பாரத்திலும் அதைவிட அதிகமான காற்றுடன்தான் ஓடுகின்றன. விருந்தினர் எண்ணிக்கைக்கு மேல் இலை போட்டிருக்கிறது. இன்னும் ஓர் இலை போடுவதால் யாருக்கும் கூடுதலாகச் சோறு கிடைத்துவிடாதல்லவா?

பிறகு ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

'கழற்றிய அன்றே வண்டி நன்றாக இழுத்ததே!' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கழற்றியது எப்படிப்பட்ட வலை என்று பார்க்க வேண்டும். வைக்கோல் துரும்பு, பூச்சி, இறகு, எண்ணெயில் ஒட்டிய தூசி என்று எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்ட வலை அது. பாதித் துளைகள் அடைந்துவிட்டால், மிச்சமுள்ள துளைகளின் வழியே காற்று இரு மடங்கு வேகத்தில் செல்ல வேண்டும். இழப்போ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது நான்கு மடங்குக்கும் மேலாகிறது. முக்கால் பங்கு அடைந்தால் பதினாறு மடங்குக்கும் மேல்! காற்று குறைவதால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். அந்த வலையை எடுத்தவுடன் வண்டி துள்ளிக்கொண்டு போவதில் வியப்பில்லை.

ஆனால் அதே வலையைத் துலக்கி மீண்டும் மாட்டியிருந்தாலும் வண்டி அப்படியே துள்ளியிருக்கும். நன்மை செய்தது வலை இல்லாமை அன்று, அழுக்கு இல்லாமை. இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. பெயரோ ஒன்றுக்குப் போய்விட்டது. உண்மையை அறிய வேண்டுமானால் ஒரே பாதையில், ஒரே பாரத்துடன் மூன்று முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்: அழுக்கு வலையுடன் ஒருமுறை, துலக்கிய வலையுடன் ஒருமுறை, வலையின்றி ஒருமுறை. சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

காதும் நம்மை ஏமாற்றும். காற்றுப் பாதையில் உள்ள தடைகளை எடுத்தால், குறிப்பாக வடிகட்டியை எடுத்தால், எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஓசை பெருகும். ஓசை பெருகினால் வலிமை பெருகியதாக மனம் நம்பிவிடுகிறது.

காவல்காரனின் வேலை

லாபம் எவ்வளவு என்று பார்த்தோம். இனி நட்டத்தைப் பார்ப்போம்.

வாயிலில் உள்ள வலை பெரிய பொருள்களை நிறுத்துகிறது. அதைத் தாண்டி வரும் நுண்ணிய தூசியை ஏர் ஃபில்டர் எனப்படும் காகித வடிகட்டி பிடிக்கிறது. வலை இல்லாவிட்டால் துரும்பும் பூச்சியும் நேரே வடிகட்டியில் போய் அடையும். சுத்தமான வடிகட்டியின் தடை 10 முதல் 25 செ.மீ. நீர்மட்டம் வரை இருக்கலாம். அது 50, 60 செ.மீ. ஆனால் வடிகட்டியை மாற்றவேண்டி வரும். வலையில் மிச்சம் பிடித்த 1 செ.மீ.யை இங்கே பல மடங்காகத் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

சில எஞ்சின்களில் வடிகட்டிக்குப் பிறகும் ஒரு வலை உண்டு. அமெரிக்காவில் 1938இல் வெளிவந்த டெட்ராய்ட் டீசல் 71 வரிசை எஞ்சின்கள் பல லாரிகளில் பொருத்தப்பட்டன. அவை இரண்டு வீச்சு எஞ்சின்கள். சிலிண்டருக்குள் காற்றைத் தள்ள ஒரு புளோயர் தேவை. அதில் இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல், மில்லிமீட்டரின் சிறு பின்ன அளவே இடைவெளி விட்டுச் சுழலும். அதன் வாயில் ஒரு வலை வைத்தார்கள். பழுது பார்க்கையில் தவறி விழுந்த ஒரு சிறு திருகாணி போதும், சுழலிகளைச் சிதைக்க! அந்த வலையை அவ்வப்போது எடுத்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் மாட்ட வேண்டும் என்பதே பராமரிப்பு முறை.

டர்போ பொருத்திய எஞ்சின்களில் அபாயம் இன்னும் அதிகம். 7 செ.மீ. விட்டமுள்ள டர்போச் சக்கரம் நிமிடத்திற்கு 1,00,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு 366 மீட்டர். இது காற்றில் ஒலி செல்லும் வேகத்தையும் மிஞ்சியது! அந்த விளிம்பில் ஒரு சிறு கல் பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வலையோடு நில்லாமல், 'இதையும் எடுத்துவிடலாம்' என்று வடிகட்டியையும் கழற்றுபவர்கள் உண்டு. நம் எஞ்சின் மணிக்கு 432 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. மண் சாலையில் ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம் தூசி இருப்பதாகக் கொண்டால், முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 35 கிராம். ஒரு மாதத்தில் ஒரு கிலோ! மண் தூசியில் பெருமளவு இருப்பது குவார்ட்ஸ். மோஸ் அளவையில் அதன் கடினம் 7. இரும்பைச் சுரண்ட வல்லது. பிஸ்டன் வளையத்திற்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் இது கலந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான். சிறிது காலத்தில் சிலிண்டரில் அழுத்தம் நிற்காது, எண்ணெய் எரியும், இழுவை குறையும். வலிமை தேடிப் புறப்பட்டவர் இருந்த வலிமையையும் இழந்து, எஞ்சினைப் பிரித்துப் போடும் செலவையும் ஏற்க வேண்டும். லாரி பட்டறையில் நிற்கும் நாள்களில் அவர் வீட்டில் வருமானமும் நின்றுவிடும்.

எறிவதா, திருத்துவதா?

அப்படியானால் காற்றின் தடையைக் குறைக்கவே கூடாதா? தாராளமாகக் குறைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்த பிரிட்டிஷ் ஸ்பிட்பயர் விமானங்களுக்கு வோக்ஸ் என்ற பெரிய மணல் வடிகட்டி பொருத்தப்பட்டது. விமானத்தின் மூக்கின் கீழே அது புடைத்து நின்றது, வேகத்தையும் குறைத்தது. அதற்காக வடிகட்டியை எறிந்துவிட்டு மணலில் இறங்கவில்லை. எகிப்தில் அபுகீர் என்னுமிடத்திலிருந்த பராமரிப்புப் பிரிவினர் சிறிய, சீரான வடிவுள்ள வேறொரு வடிகட்டியை உருவாக்கினார்கள். காவலும் நின்றது, வேகமும் மீண்டது.

லாரிக்கும் இதே வழிதான். காற்றுக் குழாயை 14 செ.மீ. அளவுக்கு விரித்து, அங்கே வலையைப் பொருத்தினால் காற்றின் வேகம் பாதியாகும். வலையின் இழப்பு நான்கில் ஒன்றாகும். கூரிய விளிம்புடன் துருத்தி நிற்கும் குழாய் வாயும் ஏறத்தாழ 100 பாஸ்கலை வீணாக்குகிறது. நாதசுரத்தின் அடிப்பகுதி போல அதை வளைவாக விரித்துவிட்டால் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எஞ்சினின் வெப்பம் படாத இடத்திலிருந்து காற்றை எடுத்தால் இன்னும் நல்லது. 60 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 35 டிகிரிக் காற்றை இழுத்தால், அதே கொள்ளளவில் நூற்றுக்கு 8 பங்கு அதிகக் காற்று கிடைக்கும். வலையைக் கழற்றிப் பெறுவதைவிட இது எண்பது மடங்கு!

அடுத்த முறை 'இதை எடுத்துவிட்டால் அது கூடும்' என்று யாராவது சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். 'எவ்வளவு கூடும்? எது போகும்?' என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். விடையைக் கணக்கிட ஒரு தாளின் பின்பக்கம் போதும்.